பதினெட்டாவது வரி

என் குரல் எங்கள் ஊர் முழுக்கக் கேட்ட காலம் ஒன்று உண்டு. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, லோடு ஆட்டோவின் மேல் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்களிலிருந்து நான் ஊருக்குப் புத்தி சொல்லிக்கொண்டு போனேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெருந்தொற்றின் இரண்டாவது அலை வந்த கோடை அது. அந்தக் கோடையில்தான் என் அம்மாவின் தம்பி, என் மாமா, இறந்துபோனார். இந்த இரண்டையும் தனித்தனிச் சங்கதிகளாகவே நான் வெகுநாள் மனதில் வைத்திருந்தேன். ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. என்னிடம் அது நிறையவே இருந்தது.

எங்கள் ஊர் கீழவைப்பாருக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரே ஒரு நீளத் தெரு. வடக்கு முனையில் மாதா கோயில். தெற்கு முனையில் ஐஸ் கம்பெனி. அதற்குப் பின்னால் உடைமரங்கள், அதையும் தாண்டினால் உப்பளம். முத்துக் குளித்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் இன்னும் சொல்லுவார்கள். நாங்கள் கண்ணால் பார்த்ததெல்லாம் சங்குதான். ஆண்களில் பாதிப் பேர் வலைக்குப் போவார்கள், மீதிப் பேர் சங்கு குளிக்கப் போவார்கள். மாமா சங்குக்காரர்.

சங்கு குளிக்கிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நீளமான டியூப் ஒன்று கடலுக்குள் போகும். டியூப்பின் நுனியில் பல்லில் கடித்துக்கொள்ள ஒரு ரப்பர் முனை. கீழே இருப்பவருக்கு அதன் வழியாக வருகிற காற்றுதான் உயிர். மாமாவின் வள்ளத்தில் நான்கு பேர், டியூப் இரண்டு. இரண்டு பேர் மேலே வந்ததும் அடுத்த இரண்டு பேர் இறங்குவார்கள். வந்தவர் வாயிலிருந்து எடுத்து நீட்டுவதை, இறங்குகிறவர் அப்படியே வாங்கிக் கடித்துக்கொள்வார். துடைக்க மாட்டார்கள். துடைத்து வாங்கினால், உன்னை எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்று கூட்டாளியின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மாமாவோடு ஒரு வருஷம் தொழிலுக்குப் போன ஒருவர் டியூப்பைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்குவாராம். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை அடுத்த வருஷம் யாரும் வள்ளத்தில் சேர்க்கவில்லை என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்கு ரேடியோ செட் தொழில். கோயில் கொடியேற்றம், கல்யாணம், பிள்ளைகளுக்கு முதல் நன்மை கொடுக்கும் விழா, சாவு, எதுவானாலும் மைக் கட்டுவது அப்பாதான். தொற்று வந்ததும் எல்லாம் நின்றுபோயிற்று. முன்னறை முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள் தார்ப்பாயால் மூடிக் கிடந்தன. அப்பா காலையில் எழுந்து ஒவ்வொரு பெட்டியாகத் துடைத்துவிட்டு மறுபடி மூடுவார். வேலை இல்லாத மனிதர் வீட்டில் இருப்பது எவ்வளவு சங்கடம் என்று நான் பார்த்துத் தெரிந்துகொண்டது அந்த ஆண்டில்தான். அதனால் ஊர்க் கமிட்டி கூப்பிட்டு, நோய்த் தடுப்பு அறிவிப்பு செய்ய வேண்டும் என்று சொன்னபோது அப்பா கொடியேற்றத்துக்குப் புறப்படுகிற மாதிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

அறிவிப்பில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் எங்கள் பகுதிக்கு வரும் சுகாதார நர்ஸ். நாசரேத்துப் பக்கத்துக்காரர், நறுக்கென்று பேசுகிறவர். அரைத் தாளில் மூன்றே வரி எழுதியிருந்தார். சங்கு குளிப்பவர்கள் ஒருவர் வாயில் வைத்த டியூப் முனையை மற்றவர் வைக்கக் கூடாது, ஆளுக்கொரு முனை சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முதல் வரி. காய்ச்சலோ உடம்பு வலியோ கண்டவர் வள்ளம் ஏறக் கூடாது, வீட்டோடு தனியாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. அடைத்த அறையில் கூட்டமாக உட்காரக் கூடாது, கதவு சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும், ஆள் கூடும் இடத்தில் மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க் போட வேண்டும் என்பது மூன்றாவது. வேறு ஊர்களுக்கு அவர் எழுதிக் கொடுத்ததில் அந்த முதல் வரி இருந்திருக்காது. எங்கள் ஊரைப் பார்த்துவிட்டு எழுதியது அது.

கமிட்டித் தலைவர் அந்தத் தாளை வாசித்துவிட்டு, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டினார்.

“இம்புட்டுதானா? ஊரு உலகமே செத்துக்கிட்டுக் கெடக்கு, மூணு வரியோட வந்து நிக்கியளே?” என்று தலைவர் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒன்று சேர்த்தார்கள். வாசலில் ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்றார் ஒருவர். நிலைப்படியில் வேப்பிலை கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்ல வேண்டும் என்றார் பலசரக்குக் கடை அண்ணாச்சி. காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறப் போடுவது, செருப்பை வெளியே கழற்றுவது, கபசுரக் குடிநீர் குடிப்பது, கதவுப் பிடியைத் துடைப்பது, உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிப்பது என்று தாள் நிரம்பியது. இதில் எதுவும் கெட்ட காரியம் இல்லை. கெட்டது ஒன்று இருந்திருந்தால் யாராவது சண்டை போட்டிருப்பார்கள். கடைசியில் மொத்தம் இருபத்தொரு வரி ஆயிற்று.

இப்போது பாளையங்கோட்டையில் நான் தங்கிப் படிக்கும் விடுதிச் சுவரில் முப்பது விதிகள் எழுதிய பலகை ஒன்று தொங்குகிறது. அதை எழுதியவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். தோழிகள் சிரிப்பார்கள். கோபத்தின் காரணத்தை நான் அவர்களிடம் சொன்னதில்லை.

கோயிலில் பூசை வாசகம் வாசிப்பவள் என்பதால் அறிவிப்பை என் குரலில் பதியலாம் என்று அப்பா முடிவு செய்தார். பிள்ளைக் குரல் என்றால் சனங்கள் நின்று கேட்பார்கள் என்றார். முன்னறையில் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, அம்மாவிடம் அடுப்படியில் பாத்திரம் உருட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பதிவு தொடங்கியது. நர்ஸ் எழுதிய வரிதான் முதலில் இருந்தது. அது நீளமான வரி. “ஒருவர் வாயில் வைத்த டியூப் முனையை” என்ற இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் நாக்குப் பிரண்டது. நான்கு தடவை, ஐந்து தடவை ஆயிற்று. வேர்த்து ஊற்றியது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்பாவுக்கு மனது கேட்கவில்லை. “மொத வரியிலயே திக்குனா ஒருத்தனும் கேக்க மாட்டான். எடுப்பு நல்லா இருக்கணும் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு வரிகளை மாற்றி அடுக்கினார். சின்னதும் எதுகை மோனையோடு இருந்ததும் முன்னால் வந்தன. “உப்பு நீரில் கொப்பளிப்பீர், ஊரை நோயின்றிக் காத்திடுவீர்” என்பது முதல் வரியாயிற்று. அது அப்பாவே கட்டியது. அதில் அந்த ‘காத்திடுவீர்’ என்பதை நான் கொஞ்சம் இழுத்து, ஏற்றி, நிறுத்துவேன். எனக்கே அது பிடித்திருந்தது. டியூப் வரி பதினெட்டாவது இடத்துக்குப் போயிற்று. அந்த இடத்தில் லேசாகத் திக்கினாலும் பரவாயில்லை என்று அப்பா ஒரே மூச்சில் ஓட்டிவிடச் சொன்னார். ஓட்டிவிட்டேன்.

மறுநாளிலிருந்து நான் ஊரில் பெரிய ஆள். அப்பா ஆட்டோவை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து என் குரலையே கேட்டுக்கொண்டு போவேன். கோயில் முன்னால் தொடங்குவோம். தெரு நெடுக வாசலில் வந்து நின்று கேட்டார்கள். ஆனால் இருபத்தொரு வரி என்பது நீளம், எங்கள் தெரு அவ்வளவு நீளமில்லை. பத்தாவது வரிக்குள் தெருவில் பாதி போய்விடும். பதினைந்தாவது வரியில் கடைசி வீடு. பதினெட்டாவது வரி வரும்போது ஆட்டோ, ஸ்பீக்கர்கள் உப்பளத்தைப் பார்த்தபடி, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் வண்டி திருப்புகிற இடத்தில் நிற்கும். அங்கே உடைமர நிழலில் நான்கைந்து ஆடுகளும் ஒரு நாயும் படுத்திருக்கும். ஆம்ப்ளிஃபயர் சூடாகிறது என்று அப்பா திரும்பி வரும்போது போட மாட்டார். ஆகவே ஆளுக்கொரு டியூப் முனை வைத்துக்கொள்ளும்படி நான் தினமும் இரண்டு வேளை அந்த ஆடுகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருவதுபோலத் தோன்றுகிறது, ஆனால் வருவதில்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்தபடியே பேசினார்.

“அண்ணாச்சி, இருபத்தொண்ணையும் ஒருத்தன் செய்வானா? எது லேசா இருக்கோ அதச் செஞ்சிட்டு, நாம எல்லாம் செஞ்சாச்சுன்னு இருந்துருவான். மூணு போதும். அந்த டியூப்பு வரிய மொதல்ல வைங்க.”

“கமிட்டி எழுதிக் குடுத்தது சிஸ்டர். நான் மைக்குக்காரன், நான் என்ன செய்ய?” என்றார் அப்பா.

தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். சொல்லவும் செய்தார். எல்லாம் அதிலேயே இருக்கிறது, எதையாவது வெட்டினால் அதைச் சொன்னவருக்கு மனக்கசப்பு வரும் என்று தலைவர் சொல்லிவிட்டார். அப்பா அதற்கு மேல் பேசவில்லை. அந்த வருஷத்தில் கிடைத்த ஒரே வேலை அது. அதை வாதாடிக் கெடுத்துக்கொள்ள அவருக்குப் பயம். நான் நர்ஸ்மேல் கடுப்பாக இருந்தேன். என் இருபத்தொரு வரியில் பதினெட்டு வரிகளை எடுத்துப் போடச் சொல்கிறாரே என்று.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். கோயில் அடைத்திருந்ததால் பூசையும் போனில்தான். மாமா எங்கள் முற்றத்து முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து, காலில் மாட்டும் துடுப்பின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். மாமா எப்போதும் யாரையாவது கேலி பண்ணிக்கொண்டே இருப்பவர். அந்தக் கோடையில் எனக்கு மைக்கு என்று பேர் வைத்திருந்தார். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏளா மைக்கு, இங்கன வா” என்று கூப்பிட்டார்.

போய் நின்றேன்.

“நீ இருபத்தொண்ணு சொல்லுத. எங்களுக்கு அதெல்லாம் முடியாது பாத்துக்க. வள்ளத்துல போய்ப் பால் பாக்கெட்டைக் கழுவவா? அதனால நாங்க நாலு பேரும் பேசி வச்சிருக்கோம். ஒண்ணே ஒண்ணு செய்வோம், ஆனா ஒரு நா விடாமச் செய்வோம்னு. எது பெருசு? நீ சொல்லு.”

கையில் ஊசி அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு நான் பதில் சொல்லுமுன் அவரே சிரித்துவிடுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனாலும் இதுவும் கேலியில் ஒரு புது வகை என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் யோசித்தேன். விளையாட்டுக்குச் சொல்லிவிடவில்லை, உண்மையாகவே யோசித்தேன். பரீட்சைக்கு முன்னால் பாடத்தை ஓட்டிப் பார்ப்பதுபோல இருபத்தொன்றையும் மனதுக்குள் ஓட்டினேன். முதலில் இருப்பதுதான் பெரியதாக இருக்க வேண்டும் என்று பட்டது. தவிரவும் என் குரலில் நன்றாக அமைந்த வரி அது.

“உப்புத் தண்ணியில கொப்பளிக்கது மாமா” என்றேன்.

மாமாவின் முகம் தெளிந்தது. “அப்பச் சரி. நாங்க நாள் பூரா உப்புத் தண்ணிக்குள்ளதான கெடக்கோம். கர்த்தர் நம்ம பக்கந்தான்” என்று சொல்லி, அதன் பிறகு சிரித்தார். வாரைத் தைத்து முடித்தார். அம்மா கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அந்த நான்கு பேரும் வள்ளத்தில் ஏறுமுன் கரையில் வரிசையாக நின்று கொப்பளித்தார்கள். மாமி, அதாவது மாமாவின் மனைவி, ஒரு தூக்குவாளியில் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். கரையில் மற்றவர்கள் பார்த்துச் சிரித்தார்களாம். மாமா அவர்களையும் பதிலுக்குக் கேலி பண்ணியிருப்பார். அந்த நால்வரில் ஒருவருக்கு அப்போதே உடம்பு வலி. அவர் வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் ஆள் குறைந்தால் மற்ற மூவரின் முறையும் கெட்டுப்போகும், கூட்டாளிகளை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். கொப்பளித்தாகிவிட்டது, இனி என்ன என்று அவரும் ஏறிவிட்டார். நாள் முழுக்க டியூப் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் துடைத்து வாங்கவில்லை.

அந்த மனிதர் ஒரு வாரம் படுத்துக் கிடந்து எழுந்துவிட்டார். இன்றைக்கும் கடலுக்குப் போகிறார். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் எதிரில் வருவார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொள்வார். நானும் குனிந்துகொள்வேன்.

மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது அடுத்த வாரம். இரண்டு நாள் வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் மூச்சு இரைக்கத் தொடங்கியது. அப்பாவே லோடு ஆட்டோவில் பாய் விரித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனார். ஸ்பீக்கர்களைக் கழற்றுவதற்கு நேரமில்லை, அப்படியே கட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்ற எங்களை மாமா பார்த்தார். கையைத் தூக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. கடலுக்கடியில் மூச்சை அடக்குவதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை என்று சொல்லுவார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கு மேல் இல்லை.

உடலை ஊருக்குள் கொண்டுவர விடவில்லை. அப்பாவும் இன்னும் மூன்று பேரும் உடம்பு முழுவதும் மூடிய உடுப்பு போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். மாமி தெருமுனை வரைதான் போக முடிந்தது. நானும் அம்மாவும் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் குடும்பத்தில் அப்பா மைக் கட்டாத முதல் சாவு அதுதான்.

அன்று சாயங்காலம் அப்பா முன்னறையில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்து, என் பதிவைப் போட்டுக் கேட்டார். விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார். பதினெட்டாவது வரியில் நிறுத்தினார். மறுபடி அந்த வரியை மட்டும் போட்டார்.

“சொல்லியிருக்கோம். இங்கன இருக்கு பாரு. பதினெட்டாவதாச் சொல்லியிருக்கோம்” என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “எந்தம்பி காதுல விழுந்துச்சா?” என்று கேட்டாள். அப்பா பதிவை அணைத்துவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நான் சொன்னபடி செய்திருந்தால் மாமாவுக்கு எப்படி நோய் வந்திருக்கும்? கொப்பளித்ததில் ஏதோ குறை இருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு நாள் விட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. மாமாமேல் ஒரு சின்னக் கோபம்கூட இருந்தது. அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்: “எம்மா, மாமா தெனமும் ஒழுங்காக் கொப்பளிச்சாவளா?” அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. மாமா என்னிடம் கேட்டதும் நான் பதில் சொன்னதும் அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு வாரம் ஆட்டோ ஓடவில்லை. பிறகு ஒருநாள் காலையில் அப்பா கமிட்டியைக் கேட்காமல், தலைவரைக் கேட்காமல், நர்ஸுக்குப் போன் பண்ணினார். அந்த டியூப் வரியைக் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முன்னறையில் போர்வையைத் தொங்கவிட்டார். என்னைக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்தினார். தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. சங்குக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு முனை வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் உள்ளவர் வள்ளம் ஏறாதீர்கள். அவ்வளவுதான். நர்ஸ் அதைச் சின்னதாக்கிக் கொடுத்திருந்தார். எனக்குத் திக்கவில்லை. முதல் தடவையே சரியாக வந்துவிட்டது.

“மத்ததுப்பா?” என்றேன்.

“வேற கெடையாது.”

“கொப்பளிப்பீர்?”

அப்பா பழைய பதிவை என் கண்ணெதிரிலேயே அழித்தார். பொத்தானை அழுத்தியதும் இருபத்தொரு வரியும் போய்விட்டன.

நான் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். என்னால் நிறுத்த முடியவில்லை. விக்கி விக்கி அழுதேன். மாமா இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அழுதது என் வரிகளுக்காகத்தான். ஊரே நின்று கேட்ட என் குரலை இத்துணூண்டு ஆக்கிவிட்டார்களே என்றுதான் அழுதேன்.

அந்த நேரம் மாமி வந்தாள். அடக்கம் முடிந்த பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. மாஸ்க்குக்கு மேல் கண்கள் மட்டும் வீங்கித் தெரிந்தன. பெட்டிகளுக்கு நடுவில் என்னைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“மாமாவ நெனச்சு அழுதியாளா?” என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நெருங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது, அதையெல்லாம் அவள் நினைக்கவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே பேசினாள்.

“ஒம்மேல அவியளுக்கு எம்புட்டு நம்பிக்கைன்னு நெனைக்க? அன்னிக்கி ஒங்க வீட்டுலருந்து வந்ததும் சொன்னாவ, நான் மைக்குட்டயே கேட்டுட்டேன், இனிப் பயம் இல்லன்னு. அதுக்கு முன்னால நாலு ராத்திரியா ஒறங்கல பாத்துக்க. கடலுக்குப் போகாம இருக்கவும் முடியாது, போகவும் பயம். நீ சொன்ன பெறவுதான் ஒறங்குனாவ. ஒரு நா விடல மக்கா. ஆஸ்பத்திரிக்கி ஏறுத அன்னிக்கிக்கூட, எந்திரிக்க மாட்டாம, என்னையத் தூக்கி உக்கார வைக்கச் சொல்லிக் கொப்பளிச்சிட்டுத்தான் ஆட்டோவுல ஏறுனாவ.”

அவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். மாமா என் சொல்லுக்குக் கொடுத்த மதிப்பைச் சொன்னால் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். அதில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. நோய் டியூப் வழியாக வந்தது என்று அவளுக்கும் அப்போது தெரியாது.

எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. மாமா ஒரு நாளும் தவறவில்லை, நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார் என்று கேட்டதும் அவர்மேல் இருந்த அந்தச் சின்னக் கோபமும் போய்விட்டது. அழுகை நின்றது. மாமியின் மடியில் படுத்தபடி நான் சந்தோஷமாக இருந்தேன்.